பெரிய வீடுகளின் கணக்கு

(கண்டாச்சிபுரத்தில் நடைபெற்ற ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எட்டாம் வகுப்பு சமூக அறிவியலில் முதல் பாடம் ஐரோப்பியர்களின் வருகை. போர்த்துகீசியர், டச்சுக்காரர், டேனியர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் என்று வரிசையாக வருவார்கள். ஆண்டுகள், கோட்டைகள், போர்கள், உடன்படிக்கைகள் எல்லாம் வரும். பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். தேர்வு முடிந்த மறுநாள் பிளாசிப் போர் எந்த ஆண்டு என்று கேட்டால் பாதிப் பேர் கூரையைப் பார்ப்பார்கள். இந்தப் பாடத்தை நம் ஊரோடு எப்படி இணைப்பது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் போரை விட்டுவிட்டு வீட்டை எடுத்துக்கொள்கிறேன். அதிலும் முதலில் இங்கிலாந்தில் இருக்கிற ஒரு வீடு. உள்ளூர் என்று சொல்லிவிட்டு லண்டனுக்குக் கூட்டிக்கொண்டு போகிறாரே என்று பின்வரிசையில் சிரிப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள், அந்த வீட்டுக் கணக்கில் நம் பக்கத்துப் பணமும் இருக்கிறது.

லண்டனுக்கு வடக்கே ஹார்ட்ஃபோர்ட்ஷயர் என்று ஒரு சீமை. அங்கே வாட்டன் அட் ஸ்டோன் என்ற சிற்றூர் அருகில் உட்ஹால் பார்க் என்றொரு பெரிய மாளிகை நிற்கிறது. சுற்றிலும் புல்வெளி, பெரிய மரங்கள், இடையே ஓர் ஆறு. 1777இல் தாமஸ் லெவர்ட்டன் என்ற கட்டடக் கலைஞர் இதை வடிவமைக்கத் தொடங்கினார். கட்டச் சொன்னவர் தாமஸ் ரம்போல்டு. இவர் யார்? கிழக்கிந்தியக் கம்பெனியில் சிறு வயதிலேயே எழுத்தராகச் சேர்ந்தவர். 1757இல் பிளாசிப் போர்க்களத்தில் இராபர்ட் கிளைவுக்குத் துணையாக நின்றவர். வங்காளத்தில் பெரும் பணம் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பினார். பிறகு 1778 முதல் 1780 வரை நம் சென்னைக்கே ஆளுநராக இருந்தார். இங்கே அவர் நிர்வாகம் செய்துகொண்டிருந்தபோது அங்கே அவர் வீடு எழும்பிக்கொண்டிருந்தது. நாடு திரும்பியதும் நாடாளுமன்றத்தில் அவர்மேல் விசாரணை நடந்தது. ஆனால் வீடு அவரிடமே இருந்தது.

அவருக்குப் பின் அதை வாங்கியவர் பால் பென்ஃபீல்டு. இவரும் சென்னை ஆள்தான். கம்பெனியின் கட்டடப் பொறியாளராக வந்து ஒப்பந்தக்காரராக மாறியவர். அன்றைய கருப்பர் நகரத்துக்கு மதில் கட்டும் ஒப்பந்தம் இவரிடம்தான் இருந்தது. சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி வால்டாக்ஸ் சாலை என்று ஒன்று இருக்கிறதல்லவா, அதன் பெயரில் இருக்கிற 'வால்' அந்த மதில்தான். நவாபின் சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டியவரும் இவரே என்று சொல்வதுண்டு. கட்டடத்தில் கிடைத்ததை விட இவருக்கு வட்டியில் கிடைத்தது அதிகம்.

இந்த வட்டிக் கதையைப் பிள்ளைகளுக்குப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். ஆர்க்காடு நவாப் முகமது அலி போருக்குக் கம்பெனிப் படையைப் பயன்படுத்தினார். அதற்குப் பணம் கட்ட வேண்டும். கையில் பணம் இல்லை. கம்பெனியின் ஊழியர்களே தனிப்பட்ட முறையில் அவருக்குக் கடன் கொடுத்தார்கள், கடுமையான வட்டிக்கு. ஈடு என்ன? ஊர்களின் நிலவரி. இன்ன சீமையின் இந்த ஆண்டு வசூல் இன்னாருக்கு என்று எழுதிக் கொடுத்துவிடுவார். கடன் கொடுத்தவர்களில் முதன்மையானவர் பென்ஃபீல்டு. 1785இல் எட்மண்ட் பர்க் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் இந்த ஆர்க்காட்டுக் கடன்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசி, பென்ஃபீல்டைப் பெயர் சொல்லிச் சாடினார். தென்னார்க்காட்டின் பெரும்பகுதி அந்த நவாப் சீமைக்குள் இருந்தது. 1801இல்தான் அது கம்பெனியின் நேரடி ஆட்சிக்குப் போனது. கண்டாச்சிபுரம், செஞ்சி, திருக்கோவிலூர் எல்லாம் அதற்குள் அடக்கம். ஏரிப் பாசனத்தில் விளைந்த நெல் வரியாகி, வரி வட்டியாகி, வட்டி கப்பலேறியது. இந்த மூன்று படிகளையும் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டினால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

பென்ஃபீல்டு கடைசியில் நொடித்துப்போனார். 1810இல் பாரிஸ் நகரில் வறுமையில் இறந்தார். உட்ஹால் பார்க் வேறு கைக்குப் போனது. 1930களிலிருந்து அது ஒரு பள்ளிக்கூடம்! ஹீத் மவுன்ட் என்ற பள்ளி அங்கே நடக்கிறது. அந்த வீட்டில் ஓர் அறை பெயர் பெற்றது. செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட படங்களை வெட்டி, சுவர் முழுக்க ஒட்டி, ஒவ்வொன்றையும் ரிப்பனில் தொங்கவிட்டதுபோலக் காகிதத்திலேயே சட்டமும் முடிச்சும் செய்திருக்கிறார்கள். 1782இல் செய்தது. நாம் வகுப்பறைச் சுவரில் சார்ட் ஒட்டுவதைப் போலத்தான், பணம் மட்டும் கூடுதல்.

சரி, கட்டடத்துக்கு வருவோம். இங்கிலாந்தின் நாட்டுப்புறப் பெருவீடு என்பது ஒரு தனி இனம். ஊருக்குள் இருக்காது. பல நூறு ஏக்கர் பண்ணைக்கு நடுவில், மேட்டில் நிற்கும். குத்தகை விவசாயிகள் கொடுக்கும் வாடகையில் வாழும். 18ஆம் நூற்றாண்டில் இவற்றுக்கெல்லாம் குரு, இத்தாலியில் பிறந்த பல்லாடியோ. 1570இல் அவர் எழுதி வெளியிட்ட கட்டடக்கலை நூல் நான்கு பாகம் கொண்டது. ரோமானியர் கோயில் முகப்பை எடுத்து வீட்டுக்கு வைத்தார் அவர். நடுவில் தூண்கள், அதன்மேல் முக்கோண முகடு, இருபுறமும் ஒன்றுபோல் சன்னல்கள். நடுவில் ஒரு கோடு போட்டு மடித்தால் இடதும் வலதும் பொருந்த வேண்டும். கணித ஆசிரியர்கள் சமச்சீர்க்கோடு நடத்தும்போது ரங்கோலியையும் பட்டாம்பூச்சியையும் காட்டுகிறோம். ஒரு வீட்டின் முகப்பைக் காட்டிப் பாருங்கள். ஆனால் ஒரு கேள்வியும் சேர்த்துக் கேளுங்கள்: வெளியே சமச்சீராக இருக்கிற வீட்டுக்குள் சமையலறை இரண்டு இருக்குமா? வெளி ஒழுங்குக்காகப் பொய்ச் சன்னல் வைத்த வீடுகள் அங்கே உண்டு.

அங்கே வெயில் கிடைப்பது அரிது. அதனால் பெரிய பெரிய கண்ணாடிச் சன்னல். 1590களில் ஹார்ட்விக் ஹால் என்ற மாளிகையை பெஸ் என்ற செல்வச் சீமாட்டி கட்டினார். கோபுரங்களின் உச்சியில் தன் பெயரெழுத்துகளைக் கல்லில் வைத்துக்கொண்டார். அந்த வீட்டில் சுவரை விடக் கண்ணாடி அதிகம் என்று ஊரே பேசியது. கண்ணாடி விலை கூடியது, ஆகவே கண்ணாடியே செல்வத்தின் விளம்பரம். பின்னாளில் அரசாங்கமும் இதைக் கவனித்தது. 1696 முதல் 1851 வரை இங்கிலாந்தில் சன்னலுக்கு வரி! இத்தனை சன்னலுக்கு மேல் இருந்தால் இவ்வளவு. வரிக்குப் பயந்து சன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். அடைத்த தடம் இன்றும் பழைய வீடுகளில் தெரியும். குடிமையியலில் வரி பற்றி நடத்தும்போது இதைச் சொல்லுங்கள், பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

இந்த வீட்டுக்கும் நம் பக்கத்துப் பழைய வீட்டுக்கும் அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. அவர்கள் வீடு வெளியே பார்க்கும் வீடு. வெளிச்சம் பக்கவாட்டில் சன்னல் வழியாக வரும். உள்ளே இருந்து தோட்டத்தைப் பார்ப்பார்கள். நம் வீடு உள்ளே பார்க்கும் வீடு. தெருப் பக்கம் பார்த்தால் ஒரு திண்ணை, ஒரு கதவு, சிறு சன்னல் ஒன்றோ இரண்டோ. வெளிச்சம் மேலிருந்து முற்றம் வழியாக வரும். நான்கு புறமும் தாழ்வாரம். மழையும் முற்றத்தில்தான் விழும், நெல்லும் அங்கேதான் காயும், கல்யாணமும் அங்கேதான். சூடான காற்று முற்றத்து வழியே மேலே போக, தெருக் கதவு வழியாகவும் கொல்லைக் கதவு வழியாகவும் காற்று உள்ளே வரும். வாசலில் நின்று பார்த்தால் கொல்லை வரை நேர்கோட்டில் கதவுகள் இருப்பது வெறும் சாஸ்திரம் இல்லை, காற்று போகும் பாதை.

இனி, வெளியே பார்க்கும் அந்த வீடு நம் வெயிலுக்குள் வந்தபோது என்ன ஆனது? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

இங்கிலாந்தில் கெடில்ஸ்டன் ஹால் என்று ஒரு மாளிகை. கர்சன் குடும்பத்துக்காக இராபர்ட் ஆடம் வடிவமைத்தது. நடுவில் ஒரு பெருங்கட்டடம், நான்கு மூலையிலும் வளைந்த இடைவழியால் இணைந்த நான்கு சிறகுகள் என்று திட்டம். காசு போதாமலோ என்னவோ, இரண்டு சிறகுகளோடு நின்றுவிட்டது. 1799இல் வெல்லஸ்லி பிரபு கல்கத்தாவில் தமக்கு ஓர் ஆளுநர் மாளிகை வேண்டும் என்று தொடங்கியபோது, சார்லஸ் வயட் என்ற இராணுவப் பொறியாளர் அந்தக் கெடில்ஸ்டன் திட்டத்தையே எடுத்தார். 1803இல் முடிந்தது. இங்கே நான்கு சிறகுகளும் கட்டப்பட்டன. குளிர்நாட்டுக்குப் போட்ட திட்டம் வெப்பநாட்டில் முழுமை பெற்றது. நான்கு மூலையிலும் பிரிந்து நின்றதால் எந்தத் திசைக் காற்றும் உள்ளே புகுந்தது. நூறு ஆண்டு கழித்து 1899இல் வைஸ்ராயாக வந்து அதில் குடியேறியவர் யார் தெரியுமா? கெடில்ஸ்டனில் பிறந்து வளர்ந்த கர்சன். வங்கப் பிரிவினைக்காக நாம் பாடத்தில் திட்டும் அதே கர்சன்.

சென்னைக் கதை இன்னும் நெருக்கமானது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இடநெருக்கடி. போர் அச்சம் தணியத் தணிய கம்பெனிக்காரர்கள் கோட்டையை விட்டு வெளியே வந்து அடையாறு, கிண்டி, சேப்பாக்கம் பக்கம் பெருந்தோட்டங்கள் நடுவே வீடு கட்டிக்கொண்டார்கள். தோட்ட வீடு என்றே அவற்றுக்குப் பெயர். இன்றைய கிண்டி ஆளுநர் மாளிகை அப்படி வந்ததுதான். அடையாற்றங்கரையில் ஜேம்ஸ் பிராடி என்பவர் இரண்டு கோபுரமும் கோட்டை மதில் போன்ற பல்வரிசையுமாக ஒரு வீடு கட்டினார். பிராடி கோட்டை என்று பெயர். கட்டிய சில ஆண்டுகளில் வீட்டு வாசலில் ஓடிய அதே ஆற்றில் படகு கவிழ்ந்து இறந்துபோனார். இன்று அங்கே இசைக் கல்லூரி. இசைப் பயிற்சிக்குப் போன பிள்ளைகள் உங்கள் ஊரில் இருந்தால் கேட்டுப்பாருங்கள், கோபுரத்தை அடையாளம் சொல்வார்கள்.

இந்த வீடுகளில் இங்கிலாந்து முகப்பு அப்படியே இருக்கும், தூண், முக்கோண முகடு, எல்லாம். ஆனால் தூண்களுக்குப் பின்னால் ஆழமான வராந்தா வந்துவிட்டது. சுவரில் வெயில் படக் கூடாது. கண்ணாடிக்குப் பதில் மரச்சட்டங்களைச் சாய்த்து அடுக்கிய கதவுகள். வெட்டிவேர்த் தட்டி தொங்கவிட்டு நாள் முழுக்கத் தண்ணீர் தெளித்தார்கள். சமையற்கட்டு தனியாகத் தள்ளிப் போனது. கூரையை இருபது அடி, அதற்கு மேலும் உயர்த்தினார்கள். கணப்பு அடுப்பும் புகைபோக்கியும் மறைந்தன. (ஊட்டிக்குப் போனதும் அவை திரும்ப வந்துவிட்டன. 1822இல் ஜான் சல்லிவன் கட்டிய வீட்டை ஊர்மக்கள் கல் பங்களா என்றார்கள்.) அதாவது, வீட்டின் முகம் இங்கிலாந்து, உடம்பு தமிழ்நாடு. நம் தாழ்வாரம்தான் தெருப் பக்கம் திரும்பி வராந்தா ஆனது என்று நான் வகுப்பில் சொல்வேன். வரலாற்று அறிஞர்கள் சண்டைக்கு வரலாம், பிள்ளைகளுக்குப் புரிகிறது.

தமிழாசிரியர்களுக்கு இங்கே ஒரு வேலை. சன்னல், அலமாரி, மேசை, சாவி. வீட்டுக்குள் இருக்கும் இந்த நான்கு சொல்லும் போர்த்துகீசியம் தந்தவை. சாளரம், காலதர் என்ற நம் சொற்களைத் தள்ளிவிட்டு சன்னல் உட்கார்ந்துகொண்டது. மறுபக்கம் பந்தல், சுண்ணாம்பு இரண்டும் ஆங்கிலத்துக்குள் போயின. வீட்டுப் பொருள்களுக்குப் பெயர் எழுதச் சொல்லி, எது எங்கிருந்து வந்தது என்று அகராதியில் தேடச் சொன்னால் ஒரு பாடவேளை போவதே தெரியாது.

சுண்ணாம்பு என்றேன். அதில்தான் நான் நிற்க விரும்புகிறேன்.

நம் மாவட்டத்தில் மண்டகப்பட்டு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து கோயில் செய்தான். செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பு இல்லை, இவை எதுவும் இல்லாமல் செய்தேன் என்று கல்வெட்டில் சொல்லிக்கொண்டான். நாம் அதைக் கற்கோயிலின் தொடக்கம் என்று நடத்துகிறோம். அந்தக் கல்வெட்டைத் திருப்பிப் படியுங்கள். அதுவரை எல்லாரும் எதைக் கொண்டு கட்டினார்கள் என்ற பட்டியல் அதில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு. ஆயிரத்து நூறு ஆண்டு கழித்துச் சென்னைத் தோட்ட வீட்டைக் கட்டியதும் அதே நான்கால்தான்.

ஆங்கிலேயர் வீட்டுத் தூண்கள் சலவைக்கல் போல மின்னும். வெளிநாட்டுப் பயணிகள் தொட்டுப் பார்த்து ஏமாந்து எழுதி வைத்திருக்கிறார்கள். அவை சலவைக்கல் அல்ல, செங்கல் தூணின்மேல் பூசிய சுண்ணாம்பு. கடற்கரைக் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த வெண்சுண்ணாம்பு. அதை நாள்கணக்கில் அரைத்து, மூன்று கை பூசி, கடைசிக் கையில் முட்டை வெண்கரு, தயிர், நெய் என்று சேர்த்து, ஈரம் காயுமுன் வழுவழுப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். கட்டுமானக் காரைக்கு வெல்லமும் கடுக்காயும் ஊறவைத்த நீர், வேகவைத்த பயற்றின் கூழ். 1732இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் சென்னையில் நல்ல காரை செய்யும் முறை பற்றி ஐசக் பைக் என்பவர் எழுதிய குறிப்பு வெளிவந்தது. நியூட்டன் எழுதிய இதழ் அது! எழுதியவர் பெயர் இருக்கிறது. அவருக்குச் சொல்லிக்கொடுத்த கொத்தனாரின் பெயர் இல்லை.

அறிவியல் ஆசிரியர்கள் இதை வேதியியல் பாடமாக நடத்தலாம். கிளிஞ்சல் கால்சியம் கார்பனேட். சூளையில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு போய்விடும், சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பு ஆகும். சுவரில் பூசியதும் காற்றில் இருக்கும் அதே கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்ல வாங்கி மறுபடி கால்சியம் கார்பனேட் ஆகிவிடும். கல்லாகத் தொடங்கியது கல்லாகவே முடிகிறது. மூன்று சமன்பாடு, ஒரு சுவர். செய்து காட்டுவதானால் நீற்றும்போது தெறிக்கும், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

அப்புறம் கூரை. மெட்ராஸ் டெரஸ் என்று பழைய கொத்தனார்கள் சொல்வார்கள். சுவருக்குச் சுவர் தேக்கு விட்டம், அதன்மேல் நெருக்கமாகக் குறுக்குச் சட்டங்கள். சட்டங்களின்மேல் சின்னச் சின்ன மெல்லிய செங்கல்லைப் படுக்கவைக்காமல் நிறுத்தி, மூலைவாட்டில், சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிக்கொண்டே போவார்கள். காய்ந்த பிறகு அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவை. அதைப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் அடிப்பார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, கட்டை துள்ளித் திரும்பும் வரை அடிப்பார்கள், பாட்டுப் பாடிக்கொண்டே. வெல்ல நீரும் கடுக்காய் நீரும் தெளித்துத் தெளித்து அடிப்பார்கள். கடைசியில் தட்டோடு பதித்துப் பூசுவார்கள். இருநூறு ஆண்டு ஒழுகாமல் நின்ற கூரைகள் இருக்கின்றன. கம்பெனி அதிகாரி படம் எண்ணெய் வண்ணத்தில் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. அவர் தலைக்கு மேலிருந்த கூரையை அடித்தவரின் பேரன் பேத்திகள் இன்றும் கட்டட வேலைக்குத்தான் போகிறார்கள்.

இதை நான் இந்தக் கூட்டத்தில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். அப்பா அம்மா வேலை என்ற இடத்தில் எத்தனை பேருக்குக் கட்டட வேலை, சூளை வேலை என்று எழுதியிருக்கிறோம்? திங்கட்கிழமை விடியற்காலை விழுப்புரத்தில் ரயிலுக்கும் பேருந்துக்கும் நிற்கும் கூட்டத்தில் நம் பிள்ளைகளின் பெற்றோர் எத்தனை பேர்? செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போய், பிள்ளை இரண்டு மூன்று மாதம் பள்ளிக்கு வராமல் திரும்புவதும் நமக்குத் தெரியும். அப்படித் திரும்பி வந்த பிள்ளைக்கு நாம் கட்டடக் கலை என்று நடத்தும்போது மன்னர் பெயரையும் ஆளுநர் பெயரையும் மட்டும் சொல்கிறோம். செங்கல் எத்தனை நாள் காய வேண்டும் என்பது அந்த வகுப்பிலேயே அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும். நமக்குத் தெரியாது. ஒரு முறை கேட்டுப் பாருங்கள், எழுந்து நிற்கும் விதமே மாறும்.

ஒரு கொத்தனாரை வகுப்புக்கு அழையுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவிலேயே ஒருவர் இருப்பார். தூக்குக்குண்டு, ரசமட்டம், மூலைமட்டம், மூன்றையும் எடுத்துவரச் சொல்லுங்கள். வாணம் தோண்டுமுன் மூலை நேராக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். நூலில் மூன்று அடி, நான்கு அடி அளந்து, குறுக்கே ஐந்து வருகிறதா என்று பார்ப்பேன் என்பார். பிதாகரஸ் தேற்றத்துக்கு இதைவிட நல்ல அறிமுகம் எனக்குத் தெரியவில்லை. அவரை வாங்க போங்க என்று பேசி, நாற்காலி போட்டு உட்காரவைத்து, தலைமையாசிரியரே நன்றி சொல்லட்டும். அவர் பிள்ளை அதே வகுப்பில் இருந்தால் அது அந்தப் பிள்ளைக்கு ஓர் ஆண்டுக்குப் போதும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. இங்கிலாந்துப் பெருவீட்டில் வேலையாட்களுக்குத் தனிப் படிக்கட்டு உண்டு. சுவருக்குள் ஒளிந்த குறுகிய படிகள். எசமானி நடக்கும் பெரிய படியில் கரி வாளி தூக்கியவர் எதிர்ப்படக் கூடாது. கட்டடமே ஆளைப் பிரித்து வைத்தது. நம் வீடும் அதைச் செய்தது. திண்ணை வழிப்போக்கருக்கு இடம் கொடுத்தது என்று பெருமையாகச் சொல்கிறோம். உண்மைதான். எல்லா வழிப்போக்கருக்கும் அல்ல. திண்ணையில் உட்கார்ந்தவர், திண்ணைக்குக் கீழே நின்றவர், கொல்லைப்புறமாக மட்டும் வரவேண்டியவர் என்று வீடே வரிசை வைத்திருந்தது. வீட்டைப் படிக்கும்போது இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகக் கூடாது.

ஆனால் எப்படிக் கேட்பது என்பதில் கவனம் வேண்டும். உன் தாத்தா எங்கே உட்காருவார் என்று ஒரு பிள்ளையை நான்கு பேர் முன்னால் கேட்காதீர்கள். கேள்வியை வீட்டிடம் கேளுங்கள். இந்த வீட்டுக்கு எத்தனை கதவு? ஒவ்வொரு கதவு வழியாகவும் யார் வந்திருப்பார்கள்? ஏன் இரண்டு வழி? முதலில் இங்கிலாந்து வீட்டின் வரைபடத்தை வைத்துக் கேளுங்கள். தூரத்து வீட்டைப் பற்றிப் பேசப் பேசப் பிள்ளைகளே பக்கத்து வீட்டுக்கு வந்துவிடுவார்கள். நாம் இழுத்துக்கொண்டு வர வேண்டியதில்லை.

வீட்டுப் படம் வரையச் சொல்வதிலும் இதே எச்சரிக்கை. ‘உன் வீட்டின் வரைபடம்’ என்று முதல் நாளே கொடுத்தால் மாடி வீட்டுப் பிள்ளை முன்வரிசையில் பெருமையாக நீட்டும், கூரை வீட்டுப் பிள்ளையும் தொகுப்பு வீட்டுப் பிள்ளையும் நோட்டை மூடிக்கொள்ளும். எல்லாருக்கும் பொதுவானது பள்ளிக்கூடம். வகுப்பறையை அளந்து வரையட்டும். எந்தச் சன்னல் வழியாகக் காலையில் வெயில் வருகிறது, மதியம் எந்த மூலை குளிர்ச்சி, எந்த இடத்தில் குரல் கேட்காது என்று குறிக்கட்டும். அதற்குப் பிறகு தெருவில் உள்ள ஏதோ ஒரு பழைய ஓட்டு வீடு. வெயில் நாளில் ஓட்டு வீட்டிலும் தகரக் கொட்டகையிலும் கான்கிரீட் அறையிலும் ஒரே நேரத்தில் வெப்பமானி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கூரை வேய்ந்த வீடு அந்தப் பட்டியலில் எங்கே வருகிறது என்று பார்த்த பிறகு, கூரை வீட்டுப் பிள்ளை தானாகவே வரைந்துகொண்டு வரலாம். வராவிட்டாலும் வற்புறுத்த வேண்டாம்.

பழைய பள்ளிக் கட்டடங்கள் பற்றியும் கேட்கிறீர்கள். இடியும் நிலையில் உள்ளதை இடித்தே ஆக வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, பிள்ளைகள் உயிருக்கு முன்னால் எந்தப் பழமையும் பெரிதல்ல. ஆனால் இடிக்குமுன் ஒரு வாரம் கிடைக்கும். அந்த ஒரு வாரத்தில் வெளியே நின்று நான்கு பக்கமும் படம் எடுங்கள். கட்டிய ஆண்டு பொறித்த கல் இருந்தால் தனியாக எடுத்துவைக்கச் சொல்லுங்கள். உடைத்த கூரையின் ஒரு துண்டைக் கேட்டு வாங்குங்கள். நிறுத்தி அடுக்கிய செங்கல், சுண்ணாம்பு, ஜல்லி, தட்டோடு என்று அடுக்கடுக்காகத் தெரியும். அறிவியல் அறையில் ஒரு மூலையில் வைக்கலாம். சென்னையில் 1753 முதல் ஆளுநர்கள் வாழ்ந்த அரசினர் மாளிகையே புதிய சட்டமன்றக் கட்டடத்துக்காக இடிக்கப்பட்டது. அந்தப் புதுக் கட்டடமும் இப்போது மருத்துவமனை. பக்கத்தில் 1802இல் கட்டி முடித்த விருந்து மண்டபம் மட்டும் நிற்கிறது. கோல்டிங்ஹாம் என்ற வானியல் அறிஞர் வடிவமைத்தது. பிளாசியிலும் ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் வென்றதைக் கொண்டாடக் கட்டினார்கள். உயர்ந்த படிகள், ரோமானியக் கோயில் போல. தமிழ்நாட்டு மக்களில் யாரும் அதை அந்த வெற்றிக்காக நினைவு வைத்திருக்கவில்லை. அண்ணாவை, காமராசரை, எம்ஜிஆரை, ஜெயலலிதாவை, கலைஞரை அந்தப் படிகளில்தான் கடைசியாகப் பார்த்தார்கள். ராஜாஜி அரங்கம் என்று சொன்னால் வீட்டில் உள்ள பாட்டிக்கும் தெரியும். கம்பெனி கட்டிய படிக்கு அர்த்தம் கொடுத்தது கூட்டம் கூட்டமாக வந்த சனங்கள்.

நேரம் ஆகிறது. செஞ்சியைச் சொல்லி முடித்துவிடுகிறேன். இங்கிருந்து பக்கம்தான், களப்பயணம் போக ஏற்ற இடம். 2025 ஜூலையில் மராத்தியர் கோட்டைகளோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் செஞ்சியும் இடம்பெற்றுவிட்டது. மலை ஏறவைத்துக் களைப்படையச் செய்து திரும்பக் கூட்டி வருவதே நம் வழக்கம். இம்முறை கீழேயே கல்யாண மகாலில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். நடுவில் முற்றம், சுற்றி அறைகள், அடுக்கடுக்காக உயரும் சதுரக் கோபுரம். மாடிகளுக்கு மண்குழாய் வழியாகத் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். இது வெளியே பார்க்கும் வீடா, உள்ளே பார்க்கும் வீடா? இரண்டும் சேர்ந்ததா? பிள்ளைகள் சண்டை போடட்டும். பக்கத்தில் களஞ்சியம் இருக்கிறது. அதன் சுவர் எவ்வளவு கனம் என்று கையை விரித்து அளக்கட்டும். கனம் எதற்கு, எதிரிக்கா எலிக்கா வெயிலுக்கா என்று கேளுங்கள்.

அளவுநாடாவும் கோடிட்ட தாளும் எடுத்துப்போங்கள். 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் தொல்லியல் துறையில் நுழைவுக் கட்டணம் இல்லை, பெரியவர்களுக்கு மட்டும்தான் சீட்டு. தண்ணீர் ஆளுக்கு ஒரு பாட்டில். குரங்குகள் அதிகம், சாப்பாட்டுப் பையை வெளியே எடுக்காதீர்கள். சுவரில் பழைய பூச்சு உதிராமல் இருக்கும் இடம் தெரிந்தால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், சுரண்ட விடாதீர்கள்.

கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம். தேநீர் வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள், குடித்துக்கொண்டே பேசுவோம்.